இஸ்திகாரா: நன்மையைத் தேடும் தொழுகை

"ஹஜ்ரத், எனக்காக ஓர் இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்!"

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், ரமணாசிரமம் பகுதியில் பழக்கடை நடத்தும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலைப் பொழுதில் என்னிடம் இவ்வாறு வேண்டினார். வாரம் ஒருமுறை பாடம் நடத்துவதற்காக அவ்வழியே சென்று வருபவன் நான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வேளையில் அவருடைய கடையின் முக்காலியில் அமர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. மஃக்ரிபுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆசிரமத்து மரங்களிலிருந்து மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. குளிர்காலம் தொடங்குமுன்பே வெளிநாட்டார் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். கடைக்குப் பின்புறச் சந்தில் மாடியுடன் கூடிய பழைய வீடு ஒன்று குத்தகைக்கு வந்திருக்கிறது. அதை எடுத்து, வருகிறவர்களுக்கு அறைகளாக வாடகைக்கு விடலாம். கார்த்திகை தீபத்திற்கும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரவும் திரளும் மக்களுக்கு அப்பகுதியில் அறைகள் போதுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஐந்து லட்சம் ரூபாய் முன்பணம். மனைவியின் நகைகளை விற்பதாக முடிவு செய்திருந்தார்.

"வீட்டு வாசலில் போய் நின்றேன், ஹஜ்ரத். நின்றவுடனேயே 'இது உனக்குத்தான்' என்று மனம் சொல்லிவிட்டது. ஆகையால் எடுக்கப்போகிறேன். எதற்கும் நீங்கள் ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லிவிட்டால் நிம்மதி" என்றார்.

அந்தச் சொற்களை அப்படியே இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் இஸ்திகாராவை எவ்வாறு விளங்கி வைத்திருக்கிறோம் என்பதை அந்த இளைஞர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. அதன்மீது வானத்திலிருந்து ஒரு முத்திரை வேண்டும். அந்த முத்திரையையும் தாமே சென்று கேட்பதற்கு நேரமில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வாங்கிக் கொடுத்தால் நலம்!

"தம்பி, இஸ்திகாரா என்பது பார்ப்பது அன்று, தொழுவது. அதைத் தேவையுடையவரே தொழ வேண்டும்" என்றேன். அவர் முகம் சற்று வாடியது.

'கைர்' என்றால் நன்மை. 'இஸ்திகாரா' என்றால் அந்த நன்மையைத் தேடிக் கேட்பது. அறியாமைக் காலத்து அரபிகள் பயணம் புறப்படவும், வணிகம் தொடங்கவும், மணமுடிக்கவும் குறியெழுதிய அம்புகளைக் குலுக்கி எடுத்து அதன்படி நடந்தனர். 'செய்' என்று வந்தால் செய்வார்கள், 'செய்யாதே' என்று வந்தால் விடுவார்கள். திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா இவ்வழக்கத்தைப் பாவச் செயல் என்று இரண்டு இடங்களில் விலக்கியது. விலக்கியதோடு நின்றிருந்தால், திசை தெரியாமல் நிற்கும் மனிதன் என்ன செய்வான்? அவனுக்குத்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரண்டு ரக்அத் தொழுகையையும் ஒரு துஆவையும் கற்றுக்கொடுத்தார்கள். குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்பிப்பது போன்ற கவனத்துடன், எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் எங்களுக்குக் கற்பித்து வந்தார்கள் என்று ஹஜ்ரத் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

அம்புகள் போயின. ஆனால் அவற்றின் தம்பிமார்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். பால் கிதாபைப் பிரித்து விரலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குர்ஆனை விரித்து, கண்ணில் பட்ட வசனத்தை வைத்துச் சம்பந்தத்தை முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். மை போட்டுப் பார்ப்பவர் வீட்டு வாசலில் நம்மவர்களின் செருப்புகளும் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். இவற்றை எல்லாம் 'ச்சீ' என்று ஒதுக்கும் படித்தவர்களோ, தம் மனத்தில் முதலில் தோன்றுவதையே வஹீயைப் போல் நம்புகிறார்கள். "எனக்கு அப்பவே தோன்றியது" என்பது அவர்களுடைய அம்பு!

முதலில் தோன்றுவதை நம்பி நான் செய்த ஒரு பிழையையும் இங்கு சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரின் பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். பள்ளியின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜும்ஆ நாள், குத்பாவுக்குக் கால்மணி நேரத்திற்கு முன் ஒருவர் ஓடிவந்து, கட்டட வேலையைக் கவனித்து வந்த பெரியவர் இருபது மூட்டை சிமெண்டைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றும், தாம் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். கேட்டவுடன் என் இரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பை நான் மார்க்க வைராக்கியம் என்று எண்ணிக்கொண்டேன். மிம்பருக்கு முன் செய்த பயானில் பெயர் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். ஊரில் யாருக்குத்தான் விளங்காது? பெரியவர் மூன்றாவது ஸஃப்பில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

முந்திய இரவு பெய்த மழையில் மூட்டைகள் நனைந்துவிடாதிருக்க, ஆளில்லாத நேரத்தில் தாமே வண்டி பிடித்துத் தம் மாட்டுக் கொட்டகையில் அவற்றை அடுக்கிவைத்தார் என்பதும், ஞாயிற்றுக்கிழமை இருபது மூட்டைகளும் திரும்பி வந்துவிட்டன என்பதும் பின்னர்தான் தெரிந்தது. வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "மன்னித்தேன், ஹஜ்ரத்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிக்கவும் செய்தார் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று முதல் அவர் ஒரு மைலுக்கு மேல் நடந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குச் செல்லத் தொடங்கினார். தம் வாழ்நாளின் கடைசி வெள்ளி வரை அங்கேதான் தொழுதார்.

செய்தி கொண்டுவருபவன் கொண்டுவந்ததைத் தீர விசாரியுங்கள். அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு செய்ததற்காக வருந்தும்படி ஆகிவிடும் என்ற பொருளில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் எச்சரிக்கிறது. அதை நான் அறியாதவனா? மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன். ஹஜ்ரத் தாவூத் (அலை) அவர்களிடம் வந்த வழக்கும் எனக்குத் தெரிந்ததுதான். தொண்ணூற்று ஒன்பது ஆடுகள் உடையவன் என் ஒற்றை ஆட்டையும் கேட்கிறான் என்று ஒருவர் முறையிட, மற்றவரின் பேச்சைக் கேட்குமுன்பே நபியவர்கள் தீர்ப்புரைத்தார்கள் என்றும், பின்னர் இது தமக்கு வந்த சோதனை என்று உணர்ந்து சிரம் பணிந்தார்கள் என்றும் விரிவுரையாளர்களில் ஒரு சாரார் விளக்குவர். அறிந்திருப்பது ஒன்று, அந்தக் கால்மணி நேரத்தில் அது நெஞ்சில் வந்து நிற்பது வேறொன்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். உள்ளத்திடமே தீர்ப்புக் கேட்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ரத் வாபிஸா (ரலி) அவர்களிடம் கூறவில்லையா? கூறினார்கள். ஆனால் அவர்கள் கேட்க வந்தது என்ன? நற்செயல் எது, பாவம் எது என்பதைத்தான் கேட்க வந்தார்கள். பிறர் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் பாவத்தைச் செய்யும்போது இறையச்சமுள்ள உள்ளம் உறுத்தும். அந்த உறுத்தலை மதிக்க வேண்டும் என்பதே அங்கு பாடம். தடுக்கும் உறுத்தல் வேறு, இழுக்கும் ஆசை வேறு. வீட்டு வாசலில் நின்றவுடன் "இது உனக்குத்தான்" என்று சொன்ன மனத்திற்கு அந்த ஹதீஸைச் சான்றாகக் கொண்டுவர இயலாது.

அவசரம் மனிதனின் படைப்போடு கலந்தது என்று திருமறை சொல்கிறது. அவ்வாறிருக்க, முதல் எண்ணத்திலேயே பிழை நேருவது தாழ்ந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-இல், உம்ராவுக்கென்று புறப்பட்ட சுமார் 1,400 தோழர்கள் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அங்கு எழுதப்பட்ட உடன்படிக்கையைப் பாருங்கள். இவ்வாண்டு கஃபாவைக் காணாமலே திரும்ப வேண்டும். மக்காவிலிருந்து ஒருவர் தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி மதீனாவுக்கு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்கா சென்றவரையோ அவர்கள் திருப்ப மாட்டார்கள். மை உலருமுன்பே அபூஜந்தல் (ரலி) விலங்குகளை இழுத்துக்கொண்டு வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். உடன்படிக்கையை எழுத வந்த குறைஷித் தூதர் ஸுஹைலின் மகனே அவர்! அவரையும் திருப்பி ஒப்படைக்க நேர்ந்தது.

எந்த நெஞ்சம் கொதிக்காது? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் நெஞ்சம் கொதித்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, நாம் சத்தியத்தில் இருக்கும்போது ஏன் இந்தத் தாழ்வை ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். அமைதியடையாமல் ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் சென்று அதையே கேட்டார்கள். இரண்டு இடங்களிலும் ஒரே பொருளுடைய விடைதான் கிடைத்தது: இவர்கள் இறைத்தூதர், இறைவனுக்கு மாறு செய்ய மாட்டார்கள், இறைவன் கைவிடவும் மாட்டான். திரும்பும் வழியிலேயே, இதனைத் தெளிவான வெற்றி என்று அறிவித்து அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கியது. போர் ஓய்ந்த அந்தக் காலத்தில் இஸ்லாத்தில் இணைந்தோர் எத்தனை பேர் என்பதற்கு இரண்டாண்டுகளில் மக்காவை நோக்கி நடந்த 10,000 பேர் கொண்ட படையே சாட்சி. அன்று அப்படிப் பேசிவிட்டதற்காகப் பிற்காலத்தில் தாம் பல நற்செயல்கள் செய்து வந்ததாக உமர் (ரலி) அவர்களே கூறினார்கள்.

அந்த நிகழ்ச்சியின் எதிரொலி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் கேட்டது. ஹிஜ்ரி 37-இல் ஸிஃப்பீன் களத்தில், முஸ்லிம்கள் முஸ்லிம்களுக்கு எதிராக வாளுயர்த்தி நின்ற கொடிய வேளையில், ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) எழுந்து, உங்கள் சொந்தக் கருத்தைச் சந்தேகியுங்கள் என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். அபூஜந்தலின் அந்த நாளில், தம்மால் முடிந்திருந்தால் நபியவர்களின் கட்டளையையே மறுத்திருப்பேன் என்றும் ஒப்புக்கொண்டார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒரு பெரியவர் தம் நெஞ்சைக் குறித்து இப்படிச் சொல்கிறார் என்றால், நம் நெஞ்சைப் பற்றி நாம் என்ன சொல்வது?

நெஞ்சம் 'வேண்டும்' என்று முந்துவதைப் போலவே 'வேண்டாம்' என்றும் முந்தும். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் வீரமரணம் எய்தியதும், திருமறையை ஒரே தொகுப்பாக எழுதிவைக்கும்படி உமர் (ரலி) ஆலோசனை கூறினார்கள். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் முதல் எண்ணம் மறுப்பே. நபியவர்கள் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது என்று தயங்கினார்கள். அது பக்தியிலிருந்து பிறந்த தயக்கம். ஆயினும் அதிலேயே நின்றுவிடவில்லை. மீண்டும் மீண்டும் பேசினார்கள். இறைவன் தம் நெஞ்சத்தை அதற்காக விரித்துக் கொடுத்த பின்னரே இசைந்தார்கள். அவ்விருவரும் அழைத்துப் பொறுப்பளித்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கும் முதலில் அதே தயக்கம். ஒரு மலையைப் பெயர்த்து வைக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திராது என்று சொன்ன அவர்கள் கையினாலேயே அப்பணி நிறைவேறியது. இன்று நம் அலமாரிகளில் இருக்கும் முஸ்ஹஃப், மூன்று பெரியவர்களில் இருவர் தம் முதல் எண்ணத்தைக் கடந்து வந்ததால் நமக்குக் கிடைத்தது.

முதல் எண்ணத்தை எப்படிக் கடப்பது? 'அல்அத்கார்' என்னும் தம் நூலில் இமாம் நவவி (ரஹ்) இதைக் கூர்மையாகத் தொட்டுக் காட்டுகிறார்கள். ஹிஜ்ரி 676-இல் மறைந்த அம்மேதை, இஸ்திகாரா செய்தபின் நெஞ்சம் எதற்கு விரிகிறதோ அதன்படி நடக்கட்டும் என்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. தொழுவதற்கு முன்பே மனத்தில் இருந்த ஆசை, தொழுதபின் மீண்டும் எழுந்தால் அதை விடை என்று கொள்ளலாகாது. முதலில் தன் விருப்பத்தை இறக்கி வைக்க வேண்டும். இறக்காதவன் இறைவனிடம் நன்மையைக் கேட்கவில்லை. தன் ஆசையிடமே கேட்டு, ஆசையிடமே விடை பெறுகிறான். எண்ணிப் பார்த்தால் இதைவிடக் கடினமான தொழுகை வேறில்லை எனலாம்.

இதற்கு அழகிய முன்மாதிரி அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை மணமுடிக்க விரும்பும் செய்தி வந்தபோது அன்னையவர்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். உலகில் எந்தப் பெண்ணுக்கும் இதைவிடச் சிறந்த சம்பந்தம் வந்ததில்லை. இருப்பினும், என் இறைவனிடம் ஆலோசிக்காமல் எதையும் செய்ய மாட்டேன் என்று கூறி, தம் தொழுமிடத்தில் போய் நின்றார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மணம் பேச வந்தவர் கோமகனே ஆனாலும், இறைவன் முன் சென்று நிற்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. "மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்" என்று பெண்ணை அவசரப்படுத்தும் தந்தையர் இதை ஒருமுறை நினைவில் கொள்ளட்டும்.

தொழுதால் கனவு வருமா என்று பலர் கேட்கிறார்கள். பச்சையோ வெள்ளையோ கண்டால் ஆம், கறுப்போ சிவப்போ கண்டால் இல்லை என்று ஒரு கணக்கும் நடமாடுகிறது. ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏழு நாட்கள் தொழ வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டப்படும் அறிவிப்பும் பலவீனமானது. தெளிவு வரும்வரை மீண்டும் தொழுவதில் தவறில்லை, அவ்வளவே. அந்தத் துஆ கேட்பது என்ன? இக்காரியம் என் மார்க்கத்திற்கும், என் வாழ்க்கைக்கும், முடிவுக்கும் நன்மை என்று நீ அறிந்திருந்தால் எனக்கு விதித்து, எளிதாக்கி, பரக்கத்தும் செய் என்று கேட்கிறது. தீமையென்று அறிந்திருந்தால் அதை என்னிடமிருந்து திருப்புவதோடு, என்னையும் அதிலிருந்து திருப்பும்படி கேட்கிறது. இந்த இரண்டாவது திருப்புதலைக் கவனித்தீர்களா? பொருள் மட்டும் விலகி, நெஞ்சம் அதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் அது தண்டனையன்றோ! அதனால்தான் நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதிலே என்னைத் திருப்தியுறச் செய் என்று துஆ முடிகிறது.

தொழுதுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கவும் கூடாது. தோழர்களுடன் ஆலோசனை செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்களுக்கே ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். முடிவெடுத்த பின்னர்தான் தவக்குல் சொல்லப்படுகிறது. இஸ்திகாரா படைத்தவனிடம் கேட்பது, மஷ்வரா படைப்பினங்களில் விவரமறிந்தவர்களிடம் கேட்பது. வழிகாட்டுதல் வானத்திலிருந்து சீட்டாக விழுவதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரின் வாயிலிருந்துகூட அது வரும்.

அந்தப் பழக்கடைக்கு எதிரே உள்ள ஆசிரமத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகறிந்தவர், 1896 ஆகஸ்ட் 29 அன்று பதினாறு வயதுச் சிறுவராக மதுரையை விட்டுப் புறப்பட்டார். திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டும் என்ற உறுதி மட்டுமே அவரிடம் இருந்தது, வழி தெரியாது. பழைய வரைபடப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று முடிவு செய்து, 2 ரூபாய் 13 அணா கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதிய தடம் போடப்பட்டிருந்தது அந்த வரைபடத்துக்குத் தெரியாது. ரயில் பெட்டியில் வெண்தாடி மௌலவி ஒருவர் மகான்களின் வரலாறுகளை மற்றவர்களிடம் பேசிக்கொண்டு வந்தார். யாரிடமும் பேசாமல் அமர்ந்திருந்த சிறுவரிடம் எங்கே போகிறீர் என்று அவராகவே வினவினார். சீட்டு திண்டிவனத்துக்கு என்று கேட்டதும் வியந்து, அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் போதும் என்று வழி சொன்னார். அவ்வாறே இறங்கி, கைக்காசு தீர்ந்ததால் சிறிது தூரம் நடந்தும், திருக்கோவிலூர்ப் பக்கத்தில் காதுக் கடுக்கனை அடகு வைத்தும், செப்டம்பர் முதல் நாள் அவர் இவ்வூர் வந்து சேர்ந்தார் என்று அவருடைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அந்த மௌலவியின் பெயர் எவராலும் எழுதிவைக்கப்படவில்லை. அவர் தம் மார்க்கத்தைச் சாராத ஒரு சிறுவருக்கு ரயில் வழி சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்நிகழ்ச்சி அடிக்கடி நினைவுக்கு வரும். நெஞ்சின் உறுதி எவ்வளவு பெரியதாயினும் கையிலிருந்த வரைபடம் பழையது. நம் முதல் எண்ணமும் பெரும்பாலும் இத்தகைய பழைய வரைபடம்தான். என்றோ பார்த்தது, எவரோ சொன்னது, ஒருமுறை ஏமாந்தது, ஒருமுறை வென்றது ஆகியவற்றை வைத்து வரைந்தது. புதிதாகப் போட்ட தண்டவாளம் அதில் இருக்காது.

இனி, அந்த இளைஞரின் கதைக்கு வருவோம். அன்று மஃக்ரிபுக்குப் பின் அவரிடம் சில விவரங்களைக் கேட்டேன். ஐந்து லட்சத்தில் நகை விற்று எவ்வளவு வரும்? மூன்று. மீதி இரண்டு? சற்று மௌனமாக இருந்துவிட்டு, ஒரு பைனான்ஸில் வட்டிக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார்.

"இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே தேவைப்பட்டிருக்காதே, தம்பி! ஹராமுக்கு இஸ்திகாரா இல்லை. தொழலாமா, நோன்பு வைக்கலாமா என்று கடமைக்கும் இல்லை. வட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமுள்ளதற்குத் தொழுங்கள். பின்னர் அந்தச் சந்தில் ஏற்கெனவே அறை நடத்துபவர்களிடம் போய்க் கேளுங்கள். உங்கள் வீட்டாரிடமும் கேளுங்கள். நகை அவர்களுடையதல்லவா?" என்றேன்.

மனைவியிடம் அதுவரை அவர் கேட்கவே இல்லை! சொல்லத்தான் சொல்லியிருந்தார்; கேட்கவில்லை.

அவர் அன்றிரவு தொழுதார். மறுநாளும் தொழுதார். அறை நடத்துபவர்கள் மூவரிடம் விசாரித்ததில், கோடை மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும் என்பதும், 2020-இல் கொரோனாவால் கிரிவலம் நிறுத்தப்பட்டபோது ஓராண்டுக்கு மேல் வாடகை கட்ட வழியின்றித் தவித்த கதையும் தெரிந்தன. வட்டியில்லாக் கடனுக்கு உறவினர் இருவரிடம் சென்றார், கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வந்தது. முன்பணம் கொடுக்க இயலவில்லை. செவ்வாய்க்கிழமை வேறொருவர் அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்.

இவ்விடத்தில், எடுத்தவர் நொடித்துப் போனார், இவர் தப்பினார் என்று எழுத முடிந்தால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எடுத்தவர் சுவர்களுக்கு வெள்ளையடித்து, வாசலில் பலகை மாட்டி, நல்லபடியாகவே நடத்தி வருகிறார். அல்லாஹ் அவருக்கு இன்னும் பரக்கத் செய்வானாக.

மூன்று மாதங்களுக்குப் பின் ஒருநாள் அதே முக்காலியில் அமர்ந்திருந்தேன். கொய்யாப் பழங்களைத் தராசில் வைத்தவாறே அவர் சொன்னார்: "ஹஜ்ரத், அதை என்னிடமிருந்து திருப்பிவிட்டான். என்னை அதிலிருந்து இன்னும் முழுதாகத் திருப்பவில்லை. தினமும் கடை திறக்க வரும்போது அந்தப் பலகையைப் பார்க்கத்தான் செய்கிறேன்."

"துஆவை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. கடைசி வரியை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் மூன்றாவது ஸஃப்பில் தலைகுனிந்திருந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். பெரியவர் மன்னித்தும், என்னையும் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னும் முழுதாகத் திருப்பவில்லையே!

பஸ் வரும் ஓசை கேட்டு எழுந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். தங்கைக்கு வேலூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளையைப் பார்த்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். "நீங்கள் பார்க்க வேண்டாம், ஹஜ்ரத், தங்கையே தொழுவதாகச் சொல்கிறாள். அவளுக்கு அரபி சரளமாக வராது. துஆவைத் தமிழ் எழுத்தில் கொஞ்சம் எழுதித் தாருங்கள்" என்று பழம் போடும் காகிதப் பை ஒன்றை நீட்டினார். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு, முக்காலியில் மீண்டும் அமர்ந்து எழுதத் தொடங்கினேன்.